காருக்கு ஒரு மங்கள ஸ்நானம்

ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பி குடித்தாகிவிட்டது. பத்திரிகையும் படித்தாகிவிட்டது. வாசலில் கார் நிற்கிறது. அதை வாங்கும்போது என்ன நிறமாக இருந்தது என்று வீட்டில் ஒரு சிறு விவாதம் நடக்கிறது. "வெள்ளை" என்கிறார் வீட்டுக்காரர். "இல்லை, சந்தன நிறம்" என்கிறாள் பெண். பின்பக்கக் கண்ணாடியில் யாரோ ஒரு வாண்டுப் பயல் புழுதியில் விரலால் தன் பெயரை எழுதி, அதன் கீழே ஒரு பூனையும் வரைந்துவிட்டுப் போயிருக்கிறான்.

உங்கள் வீட்டிலும் இந்தக் காட்சி உண்டா? உண்டென்றால், வாசக நேயர்களே, இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

"கார் கழுவுவதற்குக்கூடவா ஒரு கட்டுரை? ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி, தீர்ந்தது விஷயம்!" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்துக்காக ஒரு நாள் வெட்கித் தலைகுனிய வேண்டியதாயிற்று. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் நாங்கள் இருக்கும் அடுக்கு மாடிக் குடியிருப்பில் மொத்தம் 14 கார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பெரியவர் சைக்கிளில் வருவார். ஏழு மணிக்குள் அத்தனை கார்களையும் துடைத்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். அவர் வருவதையும் நாங்கள் பார்ப்பதில்லை, போவதையும் பார்ப்பதில்லை. கார் பளிச்சென்று இருப்பதை மட்டும் பார்ப்போம்.

நாங்கள் கருநீல நிறத்தில் ஒரு புதுக் கார் வாங்கினோம். ஆறு மாதம் போயிற்று. ஒரு நாள் நடுப்பகலில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு இறங்கியவள், தற்செயலாகப் பானெட்டைப் பார்த்தேன். திக்கென்றது! சூரியன் பிரதிபலித்த இடத்தைச் சுற்றிலும், சிலந்தி வலை பின்னினாற்போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள்!

மறுநாள் விடியற்காலை எழுந்து கீழே போய்க் காத்திருந்தேன்.

"என்ன பெரியவரே, புது வண்டியை இப்படிக் கீறி வைத்திருக்கிறீர்களே?" என்று சற்று உரக்கவே கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "நான் கல்லை வச்சாம்மா தேச்சேன்? நீங்க குடுத்த துணியிலதானே தொடச்சேன்" என்றார்.

அது எதிர்ப் பேச்சாகத்தான் என் காதில் விழுந்தது. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் காரைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்துக் காருக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே, புதுப்பேட்டையில் கார்களுக்கு வர்ணம் பூசியே தலை நரைத்த பெயிண்டர் ஒருவரிடம் காரைக் காட்டினேன். கைப்பேசி விளக்கை ஏற்றிப் பானெட்டின் மேல் பிடித்துப் பார்த்தார்.

"இது ஆள் கீறினது இல்லீங்க, புழுதி கீறினது. காஞ்ச துணியால தினம் தொடச்சா எந்த வண்டியும் இப்படித்தான் ஆகும். தொடைக்கிறவருக்கு என்ன துணி குடுத்தீங்க? எவ்வளவு தண்ணி குடுத்தீங்க?"

என்ன கொடுத்திருந்தேன்? என் கணவரின் கிழிந்த பனியன் ஒன்று. அதுவும் ஆறு மாதமாக அதே பனியன். தண்ணீர்? நான்கு கார்களுக்கு ஒரு வாளி என்பது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் சட்டம். அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி!

அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றேன். அவரும் புரிந்துகொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, எனக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அன்று கேட்டதையும், பிறகு படித்ததையும், ஞாயிற்றுக்கிழமைதோறும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே செய்து பார்த்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

மயிரிழைக் கவசம்

காரின் மேலே நாம் காணும் வர்ணம் எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அடிப்பூச்சு, நிறம், அதன் மேல் கண்ணாடி போன்ற தெளிந்த வார்னிஷ், எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, சற்று ஏறக்குறைய. அந்த வார்னிஷ் மட்டும் பார்த்தால், அதில் பாதிகூடத் தேறாது. நம் தலைமயிர் ஒன்றின் கனத்தைவிடக் குறைவு! வெயிலையும் மழையையும் தாங்கி நிற்பது அதுதான்.

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் காரைப் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து வண்டிகளில் வார்னிஷ் தனியாகக் கிடையாது. நிறமே மேல் பூச்சு. மெருகு போடும்போது துணியிலே காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். இப்போது துணியில் நிறம் வருவதில்லை. அதனால் ஒன்றும் தேயவில்லை என்று நினைத்துவிடுகிறோம். தேய்வது என்னவோ தேய்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர்ப் புழுதியில் இருப்பது மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், ஜன்னல் கண்ணாடியையே கீறக் கூடியது. அதைக் காய்ந்த துணிக்கு அடியில் வைத்து அழுத்தித் தேய்த்தால், காரை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. அழுக்கினால் கார் கெடுவதைவிட, அழுக்கை எடுக்கிற விதத்தினால் கெடுவதுதான் அதிகம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மற்ற விதிகளெல்லாம் இதற்குள் அடக்கம்.

தண்ணீருக்கு எங்கே போவது?

"நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவு என்கிறாய். குடிக்கத் தண்ணீர் வேண்டாமா?" என்று நீங்கள் கோபித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. நியாயமான கோபம்தான்.

2019-ஆம் வருஷக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். செங்குன்றம், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம், நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியது. முதல் ரயிலில் 50 வாகன்கள், சுமார் 25 லட்சம் லிட்டர். பெங்களூரில் 2024 மார்ச் மாதம், குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே உத்தரவு போட்டார்கள்.

ஆகவே குழாயைக் காரின் மேல் பிடித்துக்கொண்டு நிற்பது கூடவே கூடாது. குழாயைத் திறந்துவிட்டால் நிமிஷத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் சுலபமாக ஓடிவிடும். கால் மணி நேரம் பிடித்தால் பத்துக் குடம் தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று! நான் சொல்லப்போகும் முறைக்கு வேண்டியது மூன்று வாளி. அதாவது மூன்றே குடம்.

வீட்டிலே வீணாகும் தண்ணீருக்கும் இங்கே வேலை உண்டு. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அதில் உப்பு அநேகமாக இராது. கடைசியாக அலசுவதற்கு அதைப் போல உத்தமமானது வேறில்லை. ஆனால், ஆர்.ஓ. வடிகட்டி ஒதுக்கும் தண்ணீரில் உப்பு அதிகம். அதைச் சக்கரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள், உடம்புக்கு வேண்டாம்.

குளிப்பாட்டும் முறை

கார் நிழலில் இருக்க வேண்டும். பானெட்டின் மேல் கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு நல்ல முகூர்த்தம்.

முதலில் சக்கரங்கள். அழுக்கு அதிகம் அங்கேதான். அதற்குத் தனி வாளி, தனித் துணி. அந்தத் துணி தப்பித் தவறியும் காரின் மேல்பக்கம் ஏறக் கூடாது.

அடுத்தபடி, பூச்செடிக்குத் தண்ணீர் விடும் பூவாளி இருக்கிறதல்லவா? அதில் தண்ணீர் எடுத்து, கூரையிலிருந்து கீழே வரை மழை பெய்தாற்போல நனைத்துவிடுங்கள். ஐந்து நிமிஷம் ஊறட்டும். பாதிப் புழுதி தானாகவே இறங்கிவிடும்.

இப்போது இரண்டு வாளிகள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். மற்றொன்றில் வெறும் தண்ணீர். 'மைக்ரோபைபர்' என்று கடையில் கேட்டால் பஞ்சு போன்ற மெத்தென்ற துணி கொடுப்பார்கள். அதை ஷாம்பு வாளியில் நனைத்து, கூரையில் ஆரம்பித்து மேலிருந்து கீழாக, நேர் கோடாக இழுத்து வாருங்கள். மாவு அரைக்கிற மாதிரி வட்டமாகச் சுற்ற வேண்டாம். அழுத்தவும் வேண்டாம், குழந்தைக்கு முகம் கழுவுகிற கனம் போதும். ஒரு கதவு முடிந்ததும் துணியை வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்து, பிறகுதான் மறுபடி ஷாம்புவில் நனைக்க வேண்டும். வாளி அடியில் தங்கும் மணலைப் பாருங்கள். அது அத்தனையும் உங்கள் காரைக் கீறியிருக்க வேண்டியது!

துணி கீழே விழுந்துவிட்டதா? விழுந்தது விழுந்ததுதான். தோய்க்கிற வரையில் அதைத் தொடாதீர்கள்.

கடைசியில் பூவாளியால் அலசி, உடனே உலர்ந்த மைக்ரோபைபர் துணியை மேலே விரித்து ஒற்றி எடுங்கள். "வெயிலில் தானே காயட்டும்" என்று விட்டால், நம் ஊர்ப் போர்த் தண்ணீர் பொட்டுப் பொட்டாக உப்புக் கறையை வைத்துவிட்டுத்தான் போகும்.

துணி தோய்க்கும் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது காரம். பாத்திரம் துலக்கும் திரவமும் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகவே பிறந்தது அது. காரின் மேல் நாம் பாடுபட்டுப் பூசிய மெழுகையும் பிசுக்கென்றே நினைத்து எடுத்துவிடும்!

மெருகு வேறு, மெழுகு வேறு

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் அநேகம் பேர். வீட்டு உதாரணமாகவே சொல்கிறேன்.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிறது. மேலே இருந்த களிம்போடு கொஞ்சம் பித்தளையும் போகிறது. காருக்குப் 'பாலிஷ்' போடுவதும் அதே கதைதான். அதில் மிக நுண்ணிய தேய்பொருள் இருக்கிறது. கீறலைச் சுற்றியுள்ள வார்னிஷைச் சமமாகத் தேய்ப்பதால் கீறல் மறைகிறது. மயிரிழைக் கவசம் என்று சொன்னேனே, அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைகிறது. ஆகவே வாராவாரம் பாலிஷ் போடுவது காருக்குச் செய்யும் உபகாரமல்ல. கீறல் நிஜமாகவே கண்ணை உறுத்தினால், வருஷத்துக்கு ஒரு முறை, கையால், இலேசாகப் போடுங்கள். நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலா? அது பாலிஷுக்கு மசியாது. பெயிண்டரிடம்தான் போக வேண்டும்.

மெழுகு அப்படியல்ல. ஊறுகாய் ஜாடியில் மேலே ஒரு விரற்கடை எண்ணெய் நிற்கிறதே, எதற்கு? கெடுதல் எதுவும் உள்ளே இறங்காமல் தடுப்பதற்குத்தானே? மெழுகின் வேலையும் அதுதான். அது வார்னிஷைத் தேய்ப்பதில்லை. அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் தன்னை முதலில் பலி கொடுக்கிறது.

இந்த மெழுகு எங்கிருந்து வருகிறது தெரியுமா? நல்ல கார் மெழுகுகளில் சேர்வது 'கார்நௌபா' என்னும் பொருள். பிரேசில் தேசத்தின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படிவது. நம் பனைமரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட காலத்தில் ஓலையின் ஈரம் போகாதிருக்க அந்த மரம் தானே பூசிக்கொள்ளும் பூச்சு அது. மெழுகுவர்த்தி உருகும் சூட்டையெல்லாம் தாண்டி, 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல்தான் உருகும். இந்தப் பனையைத் தேடி 1935-ல் அமெரிக்காவில் மெழுகு வியாபாரம் செய்த எச். எப். ஜான்சன், தண்ணீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய விமானம் ஒன்றில் பிரேசிலுக்கே போய் வந்தார். விமானத்துக்குக் 'கார்நௌபா' என்றே பெயரும் வைத்தார்! குழந்தைகள் சாப்பிடும் சில மிட்டாய்களின் மினுமினுப்புக்கும் இதே மெழுகுதான் காரணம்.

பூசும் விதம் சுலபம். கழுவி உலர்ந்த காரின் மேல், பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. சொரசொரவென்றிருந்தால், அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது; அதற்கென்று விற்கும் களிமண் கட்டியை ஷாம்புத் தண்ணீர் தெளித்து இலேசாக ஓட்டி எடுங்கள். பிறகு மெழுகு. தோசைக் கல்லுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி, இருக்கிறதா இல்லையா என்னும்படி மெல்லிசாக! அதிகம் பூசினால் துடைக்கிற சிரமம்தான் அதிகம். மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். முன் கண்ணாடியிலும் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். எப்போது தீர்ந்தது என்று எப்படித் தெரியும்? தண்ணீர் தெளித்தால் தாமரை இலைத் துளி போல உருண்டு நிற்க வேண்டும். பரவிப் படர்ந்தால் மெழுகு விடைபெற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

சில்லறை விஷயங்கள், ஆனால் சின்ன விஷயங்களல்ல

காக்கை எச்சத்தை ஞாயிற்றுக்கிழமை வரை விட்டு வைக்காதீர்கள். வெயில் பட்டால் வார்னிஷையே அரித்துவிடும். ஈரத்துணியை இரண்டு நிமிஷம் மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள். ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனத்துக்கும் அதே வைத்தியம்தான். காய்ந்ததை நகத்தால் சுரண்ட வேண்டாம்.

வைப்பருக்குக் கீழே வேப்பிலையும் பூவும் சேர்ந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். தண்ணீர் போகும் துவாரம் அடைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் கார் உள்ளே குளம் கட்டும். கதவுகளின் அடிவிளிம்பிலும் சிறு துவாரங்கள் உண்டு. அவை அடைபட்டால் துரு பிடிக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் இதற்கென்றே பிறந்தது.

டயர் தரையில் படும் பாகத்திலோ, பிரேக் தட்டிலோ எண்ணெய், மெழுகு எதுவும் படவே கூடாது. அது அழகு சம்பந்தப்பட்டதல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. கழுவி முடித்து வண்டியை எடுக்கும்போது, மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று தடவை பிரேக்கை மிதித்து ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும்.

பெரியவர் திரும்பி வந்தார்

மறுநாள் விடியற்காலை மறுபடியும் கீழே போய் நின்றேன். "தப்பு என்னுடையதுதான். நீங்களே துடையுங்கள், பெரியவரே" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர் கையில் நான்கு மெத்தென்ற துணிகளைக் கொடுத்தேன். தண்ணீர்ப் பஞ்சமுள்ள இடங்களுக்கென்றே, மறுபடி அலசத் தேவையில்லாத ஒருவித ஷாம்பு கிடைக்கிறது. ஒரு வாளியில் சிறிதளவு கலந்தால் போதும். துணியைச் சொட்டச் சொட்ட நனைத்து, ஒரு மடிப்பு அழுக்கானால் அடுத்த மடிப்பைத் திருப்பி, ஒரே திசையில் துடைக்க வேண்டும். அதையும் ஒரு புட்டி வாங்கி வைத்திருந்தேன். "தினம் துடைக்க வேண்டாம், வாரம் இரண்டு நாள் இப்படிச் செய்தால் போதும். சம்பளம் குறையாது" என்றேன்.

துணியைத் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லாத்தாம்மா இருக்கு. மத்தப் பதிமூணு வண்டிக்கு யாரு குடுப்பாங்க? அவங்களும் ஒரு நாளு வந்து என்னைத்தானே கேப்பாங்க?"

எனக்குச் சுரீர் என்றது. என் காரைப் பற்றித்தான் நான் யோசித்திருந்தேன். அவருடைய பிழைப்பைப் பற்றி யோசிக்கவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். ஆளுக்கு நான்கு துணி, பொதுவில் ஷாம்பு, மழை நீர்த் தொட்டியிலிருந்து தனி வாளி என்று தீர்மானமாயிற்று. இரண்டு வீட்டார் இன்னும் துணி வாங்கிக் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் வீட்டுக் காரையும் விடியற்காலையில் யாராவது துடைத்துவிட்டுப் போகிறார் அல்லவா? நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து கீழே போங்கள். முதலில் பார்க்க வேண்டியது காரின் மேல் கீறலை அல்ல; அவர் கையில் நீங்கள் கொடுத்த துணியை!